மலையிலேயே பார்த்துக்கொள்வதா, கீழே இறங்குவதா? பழனி மலைப் பெண்களுக்கான இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை வழிகள் ஓர் ஒப்பீடு

பழனி மலைத்தொடரில் உள்ள நம் கொடைக்கானல் வட்டத்தில் 30 வயதைக் கடந்த ஒரு பெண், மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், அவர் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏதாவது ஒரு வேலை நாளில் போய்வரலாம். ஊருக்கே வருகிற மருத்துவ முகாமில் வரிசையில் நிற்கலாம். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அல்லது ஒரு நாளை முழுதாக ஒதுக்கிக்கொண்டு மலையிறங்கி, திண்டுக்கல், தேனி, மதுரை ஆகிய இடங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் போகலாம். அரசு செய்கிற பரிசோதனைக்கு எங்கேயும் கட்டணம் கிடையாது. ஆனால் இலவசம் என்ற ஒரு சொல்லுக்குள் நான்கையும் அடக்கிவிட முடியாது. ஒரு நாள் கூலி போகிறது, பேருந்து கிடைக்க வேண்டும், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறக்க ஆள் வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பரிசோதனையில் ஏதேனும் தென்பட்டால், அதற்கு அடுத்த கட்டத்தை அந்தப் பெண் எங்கே, எத்தனை நாளில் எட்டுவார் என்பதே அது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தக் கேள்வியைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கை எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அத்தை, சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்த ஒரு முகாமில் கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி கொடுத்தார். பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முடிவைச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவருடைய கைப்பேசியோ மழைக்காலத்தில் பாதி நாள் சிக்னல் இல்லாமல் கிடப்பது. எட்டு மாதம் கழித்து நான் விசாரித்தபோது, "யாரும் ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்" என்றார். அப்படி அர்த்தமில்லை. அந்த மாதிரி என்ன ஆனது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர் மறுபடியும் பார்த்து, கோளாறு எதுவும் தெரியவில்லை என்று அங்கேயே சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுத்தார். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இடங்களை ஒப்பிடுமுன் பரிசோதனைகளை ஒப்பிட வேண்டும், ஏனெனில் இடத்துக்கு இடம் கிடைக்கும் பரிசோதனை மாறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்க்குச் செய்யப்படுவது பெரும்பாலும் வி.ஐ.ஏ. எனப்படும் எளிய சோதனை. பெண்ணைப் படுக்க வைத்து, பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பார்ப்பதற்கான கருவியைப் பொருத்தி, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வினிகரின் வாடை அறையில் இருக்கும், சில பெண்களுக்கு இலேசாக எரியும், அவ்வளவுதான். சில இடங்களில் இதோடு லூகால் அயோடினையும் தடவிப் பார்ப்பது உண்டு. இயல்பான செல்கள் அயோடினை உறிஞ்சிக் கரும்பழுப்பாகும், மாறுதல் அடைந்த இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். ஆய்வகம் தேவையில்லை, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். மலைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை.

இப்படி வெறும் கண்ணால் பார்ப்பதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு, பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தது. நம் மலையின் வடக்குப் பக்கத்துச் சமவெளியில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, ஆர். சங்கரநாராயணன் தலைமையில் நடத்திய அந்த ஆய்வில் 30 முதல் 59 வயதுவரையான பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் 2000 முதல் 2003 வரை வந்து வி.ஐ.ஏ. செய்துகொண்டார்கள். சோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. அழைக்கப்பட்ட பிரிவில், மற்றப் பிரிவைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ. செய்து நடத்தப்பட்ட வேறொரு பெரிய ஆய்விலும் மரணம் 31 சதவீதம் குறைந்தது.

அந்தத் திண்டுக்கல் ஆய்வின் இன்னும் இரண்டு எண்களை நம் ஊர்ப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை செய்துகொண்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, 'பாசிட்டிவ்' என்று வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. சிலருக்குப் புற்றுக்கு முந்தைய மாறுதல்கள், சிலருக்கு வெறும் அழற்சி. ஆகவே வெள்ளைத் திட்டு தெரிகிறது என்று செவிலியர் சொன்னால், குடும்பமே கூடி அழ வேண்டிய செய்தியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று மட்டுமே அதற்குப் பொருள். இரண்டாவது எண்தான் என்னைத் தூங்கவிடாதது. புற்றுக்கு முந்தைய மாறுதல் இருந்த 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். பணியாளர்கள் பின்தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், சமவெளி ஊர்களும் அடங்கிய மாவட்டத்தில், நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் இரண்டாம் கட்டத்தைத் தாண்டவில்லை. பின்தொடர ஆளில்லாத மலைக் கிராமத்தில் அந்த எண் என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், எங்கே பரிசோதனை செய்வது என்ற கேள்வியின் கனம் புரியும்.

வி.ஐ.ஏ.வின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்தே அதன் தரம் அமைகிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், எச்.பி.வி. என்னும் வைரஸைத் தேடும் பரிசோதனை ஒரே ஒரு சுற்றில் மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஒரு சுற்று வி.ஐ.ஏ.வாலும், பாப் ஸ்மியர் என்னும் செல் சோதனை ஒரு சுற்றாலும் அத்தகைய தெளிவான பலனைக் காட்ட முடியவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த எச்.பி.வி. வைரஸ்தான் காரணம். அதன் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே ஏறத்தாழ 70 சதவீத நோய்க்குக் காரணமாகின்றன. அந்த வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடுவதுதான் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். மாதிரியைப் பெண்ணே தானாக எடுத்துக்கொடுக்கலாம் என்பதும் அதன் பெரும் நன்மை. கூச்சத்தாலேயே வராமல் இருப்பவர்களுக்கு அது பெரிய வாசலைத் திறக்கும். ஆனால் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், முடிவு அன்றே வராது, எல்லா அரசு நிலையங்களிலும் அது வழக்கமான சோதனையாகவும் இல்லை. பாப் ஸ்மியர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். என் அத்தை காத்திருந்தது இதன் முடிவுக்காகத்தான்.

வயது ஒரு முக்கியமான பிரிவினை. மாதவிடாய் நின்ற பிறகு, மாறுதல்கள் தோன்றும் பகுதி கர்ப்பப்பை வாயின் உட்குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாததை வி.ஐ.ஏ.வால் பார்க்க முடியாது. எனவே 50 வயதைக் கடந்தவர்களுக்கு, எச்.பி.வி. அல்லது பாப் ஸ்மியர் கிடைக்கும் இடத்துக்குப் போவதே சரி. வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுவதும் அகற்றியவர்களுக்கு, முன்பு மாறுதல் எதுவும் கண்டுபிடிக்கப்படாதிருந்தால், இந்தப் பரிசோதனை தேவையில்லை. நம் பக்கத்தில் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர், "எனக்குத்தான் எடுத்தாச்சே" என்று மார்பகப் பரிசோதனைக்கும் சேர்த்து வராமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு.

மார்பகத்தின் கணக்கு வேறு. 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் புதிதாகக் கண்டறியப்படுகின்றன. கர்ப்பப்பை வாய்க்கு, நோயாக மாறுவதற்குப் பல ஆண்டு முன்பே மாறுதலைப் பிடித்து அழித்துவிட வழி உண்டு. மார்பகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. வந்த கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதுதான் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரோ மருத்துவரோ கையால் தடவிப் பார்ப்பார்கள். இரு மார்பகம், காம்பு, அக்குள், கழுத்தெலும்பின் மேற்பகுதி என எல்லா இடமும் விரல் பட வேண்டும். அவசரமாக ஒரு நிமிடத்தில் முடிப்பதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது. மும்பையில் 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பார்த்ததிலேயே, 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தக் குறைவு தென்படவில்லை. ஆனாலும் நோய் முற்றுவதற்கு முன்னரே கண்டறியப்பட்டது.

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சில வினாடிகள் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் காட்டும். இருப்பினும் இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் கட்டி மறைந்துபோகும். அந்த வயதில் சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் உதவும். 35 வயதில் எந்த அறிகுறியும் இல்லாத ஒரு பெண், மேமோகிராமுக்காகக் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் போய்வர வேண்டியதில்லை என்றே நான் சொல்வேன். அம்மாவுக்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் பேச்சு வேறு. அவர் இந்தப் பொதுக் கணக்குக்குள் வரமாட்டார், நேராக மருத்துவரிடம் போய்த் தமக்கென்று தனித் திட்டம் கேட்க வேண்டும்.

இனி இடங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் முதல் பலம் அது அங்கேயே இருப்பது. நேற்றுப் போன பெண் அடுத்த மாதமும் அதே கதவைத் தட்டலாம், அதே செவிலியரைப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், எந்தக் கிழமை போனால் பரிசோதனை நடக்கும் என்பதைச் சொல்லக்கூடியவர். அவரும் பெரும்பாலும் அதே பகுதிப் பெண்தான். தேசியத் திட்டமும் 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வி.ஐ.ஏ.வும், மார்பகப் பரிசோதனையும் செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கோ இதில் அதற்கும் முந்தைய அனுபவம் உண்டு. 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரித்த திட்டம் இது. பக்கத்து மாவட்டத்தில் தொடங்கி இத்தனை ஆண்டு ஆகியும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒரு முறையேனும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம், மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம்.

கதவு திறந்திருந்தும் பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். நான் அதிகம் கேட்டது ஒன்று. செவிலியர் ஊருக்குத் தெரிந்தவராக இருப்பதே தடையாகிவிடுகிறது. "நாளைக்குக் கடையில நர்ஸம்மாவ எப்படி முகம் பாத்துப் பேசுறது" என்று மன்னவனூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார். கேலி செய்ய வேண்டிய தயக்கம் அல்ல அது. அவருக்கு நான் சொன்ன வழி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போவது. யாருக்கும் முகம் தெரியாத இடத்தில் பரிசோதனை செய்துகொள்வது அவருடைய உரிமை. அதற்காக இன்னும் முப்பது கிலோமீட்டர் பேருந்தில் போவது வீண் செலவு என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் குறை, செவிலியர் மாறிக்கொண்டே இருப்பது. பயிற்சி பெற்றவர் விடுப்பில் போய்விட்டால், போன பெண் திரும்பி வர வேண்டியதுதான். ஆகையால் போகும் முன்பே தன்னார்வலரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

முகாமைப் பற்றி என் அத்தையின் அனுபவத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. முகாமால் மட்டுமே எட்டக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். பூம்பாறையிலோ கூக்காலிலோ பூண்டு எடுக்கும் நாளில் யாரும் வேலையை விட்டு வெளியூர் போகமாட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தால் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரே நாளில் பல பெண்கள் வருவதால் கூச்சமும் குறைகிறது. ஆனால் முகாம் என்பது கிளம்பிப் போய்விடும் மருத்துவமனை. அதனால் முகாமுக்குப் போகும் பெண் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் வரிசையை விட்டு நகரக் கூடாது. முடிவு இன்றே தெரியுமா, இல்லையென்றால் எந்தத் தேதியில் எந்த நிலையத்தில் கேட்க வேண்டும், ஏதேனும் இருந்தால் எந்த மருத்துவமனைக்கு யாருடைய சீட்டோடு போக வேண்டும். வி.ஐ.ஏ. செய்யும் முகாமென்றால் தயங்காமல் செய்துகொள்ளலாம், ஏனெனில் முடிவு அங்கேயே கிடைத்துவிடுகிறது. மாதிரி எடுத்துப்போகும் முகாமென்றால், முடிவு வரும் வழி எழுத்தில் கையில் வந்த பிறகே மாதிரியைக் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் அக்டோபர் மாதத்தில் நடத்தும் இலவச மார்பகப் பரிசோதனைக்கும் இதே விதி பொருந்தும். முதல் சோதனை இலவசம், அடுத்த ஸ்கேனும் திசுச் சோதனையும் பணத்துக்கு என்றால், கூலிக்காரப் பெண் பாதியில் நின்றுவிடுவார்.

கொடைக்கானல் அரசு மருத்துவமனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரியாத இடம் வேண்டுவோருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டியோருக்கும் அது பொருந்தும். மேல்மலை ஊர்களான மன்னவனூர், பூண்டி, கிளாவரை ஆகியவற்றின் பேருந்துகள் எப்படியும் கொடைக்கானல்தான் வருகின்றன. தாண்டிக்குடி, பாச்சலூர் போன்ற கீழ்மலை ஊர்களுக்கோ கொடைக்கானலுக்கு ஏறுவதைவிட வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறங்குவது இயல்பான வழி. சீசன் மாதங்களான ஏப்ரல், மே இரண்டிலும் பெருமாள்மலையிலிருந்து வாகனங்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள், அந்த நாட்களில் எந்த மருத்துவமனைக்கும் முன்பதிவு இல்லாத பயணத்தை வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, திசுச் சோதனை, நோய்க்கூறியல் ஆய்வகம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கத்தான் வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் மையமும் இருப்பதால், நோய் உறுதியானால் கதிர்வீச்சுச் சிகிச்சைவரை அந்த ஊரிலேயே முடிக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால், ஒன்றுமே இல்லாத உடம்போடு, சீட்டும் இல்லாமல், முதல் பரிசோதனைக்காகவே அங்கே போகும் மலைப்பெண்ணின் நாள் எப்படி இருக்கும்? இருட்டோடு கிளம்பி, வெளிநோயாளர் சீட்டு வாங்கி, எந்தக் கட்டடம் என்று தேடி, பகல் ஒரு மணிக்கு "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் பெண், மறுபடி எந்தப் பரிசோதனைக்கும் வரமாட்டார். அதே பெண் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் சீட்டோடு போனால், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், எதற்காக வந்திருக்கிறார் என்பது எழுத்தில் இருக்கும். 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணில் முன்கூட்டியே விசாரிக்கவும் முடியும்.

ஆகவே என் தேர்வைச் சொல்கிறேன். 30 முதல் 50 வயதுக்குள், அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே முதல் இடம், வி.ஐ.ஏ.வும் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையும் ஒரே வருகையில் முடிந்துவிடும். 50-ஐக் கடந்தவர்கள், மார்பகத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் சீட்டோடு மலையிறங்கி மேமோகிராமையும், முறை வரும்போது அந்த வருகையிலேயே கர்ப்பப்பை வாய்க்கு எச்.பி.வி. அல்லது பாப் ஸ்மியரையும் கேட்டுச் செய்துகொள்வது தகும். வேறு வேலையாகக் கீழே போகிற இளம் பெண்களும் எச்.பி.வி. பரிசோதனை கிடைக்குமா என்று கேட்கலாம். ஒரு முறை வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் ஐந்து ஆண்டுக்காவது அந்தக் கவலை ஓய்ந்துவிடும். எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டு இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும். மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்காக அம்மா பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. தடுப்பூசி போட்ட மகளும் 30 வயதில் வரத்தான் வேண்டும், தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

அறிகுறி இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. உடலுறவுக்குப் பின் ரத்தம் படுதல், மாதவிடாய் நின்று ஓராண்டான பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிவிழுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், முகாம் எப்போது வரும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதாலேயே அதை விட்டுவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மாதவிடாய் தொடங்கி ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரையான நாட்களில் மார்பகம் மிருதுவாக இருக்கும், கட்டி இருந்தால் எளிதில் தட்டுப்படும். ரத்தப்போக்கும் நின்றிருப்பதால் கர்ப்பப்பை வாயையும் தெளிவாகப் பார்க்கலாம். முந்தைய இரண்டு நாளில் உடலுறவும் பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரைகளும் வேண்டாம். கர்ப்பிணிகள் மகப்பேற்றுக்குப் பின் மூன்று மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம். கீழ்மலைப் பெண்கள் நவம்பரில் காப்பிப் பழம் எடுப்பு தொடங்குவதற்கு முன், ஐப்பசி அடைமழைக்கும் முன்பாக, ஆவணி புரட்டாசியில் ஒரு நாளை ஒதுக்குவது உசிதம். பிறகு பிப்ரவரிவரை யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

இத்தனை சொன்ன பிறகும், நான்கு வழிகளில் எதுவுமே சரிவரப் பொருந்தாத பெண்கள் நம் மலையில் இருக்கிறார்கள். பளியர் குடியிருப்புகளிலும், நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையில் நடந்தே போக வேண்டியிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களிலும் வாழும் பெண்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையமே அரை நாள் தொலைவு. அவர்களை முகாமில் பார்த்து, பத்தில் ஒருவரிடம் "கீழே போய்க் காட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது, பாதிப் பேருக்கு ஒன்றுமே செய்யாமல் வருவதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட தெர்மல் அப்லேஷன் என்ற முறையில், கையில் பிடிக்கும் கருவியின் சூடான முனையைக் கர்ப்பப்பை வாயில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் வைத்து, மாறுதல் அடைந்த செல்களை அழித்துவிடலாம். பேட்டரியில் இயங்கும் கருவி. ஒரு தோள்பையில் அடங்கும். தகுதியானவர்களுக்குப் பார்த்த அன்றே சிகிச்சையும் முடிந்துவிடும். மலைக் குடியிருப்புகளுக்குப் போகும் ஒவ்வொரு முகாம் வண்டியிலும் அந்தக் கருவியும், அதைக் கையாளத் தெரிந்த ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ இருக்க வேண்டும் என்று ஊராட்சிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுக்க வேண்டும். எங்கள் குழுவின் மனுவை எழுதி முடித்துவிட்டோம். பண்ணைக்காட்டிலிருந்து முதல் கையெழுத்து என் அத்தையுடையது.